பெரிய ஏரிக்கு இரண்டு பேர்

வரைபடம் சாப்பாட்டு மேஜையைவிடப் பெரிதாக இருந்தது. மார்லிஸ் அதன் தெற்கு ஓரத்தை உப்புக் குப்பியாலும் காப்பிக் கோப்பையாலும் அழுத்தி வைத்தாள். வடக்குப் பாதி மேஜை விளிம்பில் மடிந்து வெர்லினின் தொடைமேல் தொங்கியது.

"கனடாவை நீங்க மடியில வச்சுக்கங்க," என்றாள்.

"பாரம் ஒண்ணும் தெரியல," என்றார் வெர்லின். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஆழத்தைக் காட்டும் வளைகோடுகளின்மேல் விரலை நகர்த்திக்கொண்டு போனார். கனடா எல்லையில் கிடக்கும் லேக் ஆஃப் தி உட்ஸ் ஏரி அந்தத் தாளில் முடிவதாகவே தெரியவில்லை. மேலே நூற்றுக்கணக்கான தீவுகள், மிளகைக் கொட்டியதுபோல. கீழே ஒரு தீவும் இல்லாத வெறும் வெளி. எங்கள் ஊர் ஸ்பூன் ஏரியை அந்த அளவில் வரைந்தால் கோப்பையின் அடிவட்டத்துக்குள் அடங்கிவிடும். குளிர்காலத்தில் அது உறைந்து கிடக்கும்போது எந்த மரத்துக்கு நேராகப் பனியில் துளை போட்டால் என்ன மீன் வரும் என்று இருவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். இந்த ஏரியில் அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. அதுதான் மார்லிஸுக்குப் பிடித்திருந்தது.

வெர்லின் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மார்லிஸ் இன்னும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பனி கொட்டிய காலைகளில் அவர் லாரி முன்னால் வழி திறந்துகொண்டு போகும், அவள் பேருந்து பின்னால் வரும். அப்படிப் பார்த்தால் அவர்கள் பல வருடம் சேர்ந்து பயணம் செய்தவர்கள்தான், நடுவில் அரை மைல் இடைவெளியோடு. மார்லிஸின் கணவன் வெயில் வேண்டுமென்று டெக்சஸ் போனவன், வேறொருத்தியோடு அங்கேயே தங்கிவிட்டான். வெர்லினின் மனைவி ஆர்டிஸ் மறதி நோய் முற்றி, ஊர்க்கோடியில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். பகலில் யார் கொடுத்தாலும் இரண்டு வாய் கஞ்சியாவது குடிப்பாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெர்லின் கைதான் வேண்டும். அந்தக் கை யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அது வராவிட்டால் வாயைத் திறக்கமாட்டாள். அங்கே ராத்திரிச் சாப்பாடு சாயங்காலம் ஐந்து மணிக்கே; அப்போது வெர்லின் எங்கே என்று ஊரில் யாரும் கேட்பதில்லை.

ஸ்பூன் ஏரியின் பனிமேல் அவர்களின் மீன்பிடிக் குடிசைகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பெரிய ஏரிப் பேச்சு அங்கேதான் தொடங்கியது, விளையாட்டாக. ஒரு நாள் வெர்லின் கையகல மீன் ஒன்றைக் கொக்கியிலிருந்து கழற்றியபடி, "பெரிய தண்ணில ஒரு தடவையாவது தூண்டில் போடணும் மார்லிஸ்," என்றார். "போட்டா என்ன?" என்றாள் அவள். கேள்வி அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். மறுவாரம் வரைபடம் வாங்கினாள். பிறகு புது பூட்ஸ். பிறகு, யாரிடமும் சொல்லாமல், உள்ளே போட்டுக்கொள்ளச் சிவப்பு நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை. பேருந்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும்போது அவள் மனம் அந்த வெறும் வெளியில் நின்றது. ஒரு குடிசை. தரையில் இரண்டு துளைகள். எதிரெதிரே இரண்டு வாளிகளைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் ஊற்றி முதலில் அவளிடம் நீட்டுகிறார். அவசரமாக எழுந்து போக வேண்டிய மணி எதுவும் அங்கே அடிப்பதில்லை. அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நினைத்ததைவிட, நினைக்காமல் நிறுத்திக்கொண்டதே அதிகம்.

தங்குமிடக்காரருக்கு அவள்தான் போன் செய்தாள். பேச்சு இருவருக்கும் கேட்க வேண்டுமென்று போனை வரைபடத்தின் நடுவில் வைத்தாள்.

"நீங்களா வண்டிய ஓட்டிட்டு ஏரிக்குள்ள போயிடாதீங்க," என்றது அந்தக் குரல். "புது ஆளுங்க பண்ற முதல் தப்பே அதான். நேத்து ஓட்டின பாதை இன்னிக்குப் பொளந்து கிடக்கும். என் வண்டியில கொண்டுபோய் விடுறேன். கொடி நட்ட வழிய விட்டு ஒரு அடி நகரக் கூடாது. ராத்திரியும் பனிமேலதான் படுக்கை, சம்மதமா? எத்தன பேரு?"

"ரெண்டு," என்றாள் மார்லிஸ்.

"ஜோடியா? ஜோடிக்குன்னே ஒரு குடிசை இருக்கு. ஒரே பெரிய கட்டில், அடுப்பும் நல்லா எரியும்."

மார்லிஸ் உப்புக் குப்பியை நகர்த்தி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். வெர்லின் போன் பக்கம் குனிந்தார்.

"ரெண்டு மீன்பிடிக்கிறவங்க," என்றார். "ரெண்டு கட்டில்."

"மீனுக்கு அதெல்லாம் தெரியவா போகுது," என்றார் தங்குமிடக்காரர். "சரி, ரெண்டு கட்டில்."

போனை வைத்த பிறகு வெர்லின் சிரித்தார், காது மடல் சிவக்க. மார்லிஸும் சிரித்தாள். பிறகு இருவரும் வரைபடத்தின்மேல் குனிந்தார்கள்.

செய்தி ஸ்பூன் ஏரியில் பரவ ஒரு பகல் போதுமானதாக இருந்தது. ஆர்டிஸின் தம்பி ஓரின் தன் குடிசையிலிருந்து குஞ்சு மீன் வாளியோடு வந்து நின்றார். "என்ன மாமா, கடலுக்குப் போறீங்களாமே? இங்க இருக்கிற மீனே உங்க தூண்டிலப் பாத்துக் கொட்டாவி விடுது. அங்க இருக்கிறது எல்லாம் படிச்ச மீனு." மார்லிஸின் புது பூட்ஸைப் பார்த்து, "இது நடக்கவா, நடனத்துக்கா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கிளம்பும்போது குரலை இறக்கி வெர்லினிடம் கேட்டார். "அக்காவுக்கு யாரு ஊட்டுவா?"

அதில் குத்தல் இல்லை. அதனால்தான் பதில் சொல்வது கடினமாக இருந்தது. "கரின் வர்றா," என்றார் வெர்லின்.

மகள் கரின் ஞாயிற்றுக்கிழமை ஃபார்கோவிலிருந்து வந்தாள், ஊட்டிப் பழகிக்கொள்ள. மார்லிஸ் அன்று இல்லத்துக்குப் போயிருக்க வேண்டியதில்லை. பூசணி கேக் செய்திருந்தாள், அதைக் கொடுத்துவிட்டு வரலாமென்று ஒரு சாக்கு. அவள் போனபோது கரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மசித்த உருளைக்கிழங்கைக் கரண்டியில் எடுத்து, "அம்மா, ஒரே ஒரு வாய்மா," என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஆர்டிஸ் உதடுகளை உள்ளே இழுத்து மூடிக்கொண்டு, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைத் தவிர்ப்பதுபோல ஜன்னலைப் பார்த்தாள். ஆர்டிஸ் கண்ணில் படக் கூடாதென்று வெர்லின் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். தாதி வந்து முயன்றாள். கரண்டியை மாற்றினார்கள், உருளைக்கிழங்குக்குப் பதில் ஆப்பிள் கூழ் வைத்தார்கள். கரின் எழுந்து வெளியே வந்து, அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"என்னை அவங்களுக்குச் சுத்தமாத் தெரியலப்பா."

"என்னையுந்தான் தெரியல," என்றார் வெர்லின்.

கரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு மார்லிஸைப் பார்த்தாள். இருவரும் அதுவரை அதிகம் பேசியதில்லை. "நீங்க ஒரு வாய் குடுத்துப் பாருங்களேன்," என்றாள். சவாலாகச் சொன்னாளா, சலிப்பிலா என்று மார்லிஸுக்குப் புரியவில்லை.

ஆர்டிஸ் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. பிள்ளைகளை இறக்கிவிட்டதும் மார்லிஸ் சமையலறைப் பின்வாசலுக்குப் போவாள். ஆர்டிஸ் அடுப்பிலிருந்து எடுத்த இலவங்கப்பட்டை ரொட்டியை ஒரு தாளில் வைத்து நீட்டுவாள், பேசமாட்டாள். இப்போது மார்லிஸ் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். கரண்டியை எடுத்தாள். ஆர்டிஸ் வாயைத் திறக்க வேண்டாம் என்று அவள் மனம் வேண்டியது. நல்லெண்ணத்தில் அல்ல. திறந்தால் ஊட்டுவதற்கு இங்கே தங்கப்போவது யார் என்பது அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

ஆர்டிஸ் ஜன்னலிலிருந்து திரும்பினாள். மார்லிஸின் கோட்டை முகர்வதுபோல மூக்கைச் சற்று உயர்த்தினாள். பிறகு வாயைத் திறந்தாள்.

கிண்ணம் காலியாகும்வரை ஒவ்வொரு வாயாக வாங்கிக்கொண்டாள். வாசலில் வெர்லின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான், ஒளிவுமறைவில்லாத பெரிய சந்தோஷம். அது மெல்ல வேறொன்றாக மாறுவதை மார்லிஸ் பார்த்தாள். பார்க்காமலிருக்கக் கிண்ணத்தை வழித்தாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் மூச்சு புகையாக நின்றது. வெர்லின் தன் லாரியைத் திறக்காமல் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் போறதுன்னுதானே பேச்சு," என்றார்.

"பேச்சு அதுதான். அவங்க வாயைத் தொறந்துட்டாங்களே, என்ன பண்றது?"

"நான் போகல. அவ்வளவுதான். போன் போட்டு வேணாம்னு சொல்லிடுறேன்."

"சொல்லாதீங்க. ஓரினைக் கூட்டிட்டுப் போங்க. படிச்ச மீனுங்ககிட்ட அவர் பேசிக்கட்டும்." சிரிக்க நினைத்தாள், வரவில்லை. "நீங்க கடைசியா என்னிக்கு ஐந்து மணிக்கு வேற எங்கயாவது இருந்தீங்க வெர்லின்? போய்ட்டு வாங்க. இல்லன்னா நாம ரெண்டு பேரும் அங்க போய், துளைக்குள்ள அந்த மூடின வாயைத்தான் பாத்துட்டு இருப்போம்."

"உங்களுக்குத்தான் அந்த ஏரி வேணும்னு இருந்துச்சு."

"ஏரின்னு யாரு சொன்னா?" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. வெர்லின் சாவி உருட்டுவதை நிறுத்தினார். ஓர் அடி முன்னால் வந்து, பாதியில் நின்றிருந்த அவள் கோட்டின் ஜிப்பைப் பிடித்து, குழந்தைக்குப் போடுவதுபோல நிதானமாகத் தாடைவரை இழுத்துவிட்டார். கையை உடனே எடுக்கவில்லை. பிறகு எடுத்தார்.

வெள்ளிக்கிழமை விடியலில் வெர்லினும் ஓரினும் கிளம்பினார்கள். ஓரின் லாரியில் ஏறும்போதே பாடத் தொடங்கியிருந்தார். மார்லிஸ் தன் துளைக்கருவியையும் அடுப்பையும் பின்னால் ஏற்றி, கயிற்றை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பேருந்துக்குப் போனாள். வழக்கமான பாதை, வழக்கமான பிள்ளைகள். அன்று சாயங்காலம் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு இல்லத்துக்குப் போனாள். அது சும்மா அலமாரியில் கிடப்பானேன்.

ஆர்டிஸ் நன்றாகச் சாப்பிட்டாள். மறுநாள் சனிக்கிழமை பாதிக் கிண்ணத்தில் நிறுத்தி, மார்லிஸைக் கூர்ந்து பார்த்தாள். பல மாதமாக அவள் முழு வாக்கியம் பேசியதில்லை என்று தாதி சொல்லியிருந்தாள்.

"உன் ஆளு எங்க?" என்றாள் ஆர்டிஸ்.

மார்லிஸ் கரண்டியை மறுபடி நிரப்பினாள். "மீன் பிடிக்கப் போயிருக்காரு."

"நல்ல ஆளா?"

"நல்ல ஆளுதான்."

"அப்ப நீ ஏன் போகல?"

"நான் போயிட்டா உங்களுக்கு யாரு ஊட்டுவா?"

ஆர்டிஸ் அதை ஒரு நல்ல நகைச்சுவையைப் போல எடுத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். மார்லிஸுக்கு அவள்மேல் கோபம் வரும் என்று இத்தனை நாள் ஒரு பயம் இருந்தது. வந்தது வேறு. இந்தச் சிரிப்போடு ஒரு வாழ்நாள் இருந்தவர் வெர்லின், இது இல்லாத வீட்டில் இப்போது இருக்கிறார். அது என்ன மாதிரி வெறுமை என்று முதல்முறையாக அவளுக்குக் கொஞ்சம் தெரிந்தது. அந்தச் சிரிப்பு இருந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. ஆனாலும் ஆசை போகவில்லை.

போன் அப்போதுதான் அடித்தது. அவள் அதைச் சாப்பாட்டுத் தட்டில் ஆப்பிள் கூழுக்குப் பக்கத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டினாள்.

"சாப்பிட்டாளா?" என்றார் வெர்லின். பின்னால் காற்று இரைந்தது.

"சாப்பிட்டுட்டு இருக்காங்க. சிரிச்சாங்க. மீன் உண்டா?"

"ரெண்டு. ஓரின் ரெண்டுமே அவர் பிடிச்சதுன்னு சொல்லிட்டுத் திரியறாரு." கொஞ்சம் நிறுத்தினார். "மார்லிஸ், இங்க ஒண்ணு கேக்குது. சொன்னாப் புரியாது. இருங்க, போனைக் கீழ பனிமேல வைக்கிறேன்."

துணி உரசும் சத்தம், பூட்ஸ் நகரும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு எங்கோ வெகு தொலைவில் அது தொடங்கியது. பனிப்பாளம் இறுகி விரியும் ஓசை, பெரிய கம்பி ஒன்றை யாரோ ஒரு முனையில் சுண்டிவிட்டதுபோல. நீண்டு, வளைந்து, ஏரியின் அடிவயிற்றில் இறங்கி, அவர் காலடியைக் கடந்து இன்னொரு கோடிக்குப் போய்க்கொண்டே இருந்தது. அது முடியும் முன்பே வேறு திசையிலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. மார்லிஸ் போனருகே குனிந்தாள். அந்த அறையின் மஞ்சள் விளக்குக்கும் மருந்து வாசத்துக்கும் அடியில் ஏரி கிடந்து முனகியது.

ஆர்டிஸும் குனிந்திருந்தாள். அவள் நெற்றி மார்லிஸின் நெற்றியைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டது. இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு ஆர்டிஸ் கையை நீட்டி, மார்லிஸின் விரல்களிலிருந்து கரண்டியை மெல்லப் பிரித்து எடுத்தாள். ஆப்பிள் கூழில் அதை முக்கினாள், ஓரத்தில் வழிந்ததைக் கிண்ண விளிம்பில் கவனமாகத் துடைத்தாள். போனுக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு, அது வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாள்.