பதினோராம் கேள்விக்குக் கீழே அடித்த வாக்கியம்

1

இந்தக் கதை கற்பனையில் பிறந்ததன்று. மொன்டானாவில் இணையவழி ரைஃபிள் தோட்டா விற்கும் கடையொன்றின் கேள்வி-பதில் பக்கத்தில் பிறந்தது. அப்பக்கத்தை எழுதியவன் நான். பதினான்கு கேள்விகள், பதினான்கு விடைகள், ஓர் எழுத்துப்பிழையும் இல்லை. எவரும் படிப்பதில்லை என்பதே அதன் ஒரே குறை.

முதல் தொடக்கம்: “இலையுதிர்காலப் பொன்னொளியில் மான்வேட்டைக்கு...” (கைவிட்டேன். பொன்னொளியில் நின்று எவரும் என்னைத் தொலைபேசியில் அழைத்ததில்லை.)

இரண்டாம் தொடக்கம், அவர்கள் கேட்பவை:

“நான் வீட்டுல இல்லாட்டி பார்சலுக்கு எங்க நாய் கையெழுத்துப் போடலாமா?”

“ஆயிரம் தோட்டா வாங்கினா மானும் சேத்து அனுப்புவீங்களா?”

கேட்டுவிட்டுத் தாமே சிரிப்பார்கள். வாரத்துக்கு நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் அந்த நகைச்சுவையைத் தாமே கண்டுபிடித்ததாக நினைப்பு.

2

பதினோராம் கேள்வி: தவறான வகையை வாங்கிவிட்டேன், திருப்பித் தரலாமா? விடை: இயலாது. கடையைவிட்டுப் போன தோட்டாவை இத்தொழிலில் பெரும்பாலும் எவரும் திரும்ப வாங்குவதில்லை.

அதன்கீழ் இன்னொன்றும் எழுதியிருந்தேன்: “துப்பாக்கிக்குள் நுழைகிறது என்பதற்காகச் சுடாதீர்கள், குழலில் பொறித்திருப்பதும் பெட்டியில் அச்சிட்டிருப்பதும் ஒன்றா என்று பாருங்கள்.” முதலாளி டுவேன் கெஸ்லர் அதை அடித்துவிட்டார்.

“ஒண்ணச் சொன்னா, மத்தத ஏன் சொல்லலன்னு கேஸ் போடுவான். துப்பாக்கி ரிப்பேர்காரரைக் கேளுங்கன்னு போடு, போதும்.”

“யாரும் போய்க் கேக்க மாட்டாங்க, டுவேன்.”

“கேக்கலன்னா அது அவன் தலைவிதி. நீ கமாவைப் பாரு.”

(டுவேனைக் கொடியவராக்கப் பார்த்தேன், அந்த வேடம் அவருக்கு ஒட்டவில்லை. அவர் அடித்தது ஒரு வாக்கியத்தை. அது இல்லாத பக்கத்தை மெருகேற்றி வெளியிட்டவன் நான்.)

3

இன்று வெள்ளிக்கிழமை. நாளை விடியலில் மான்வேட்டைக் காலம் தொடங்குகிறது. இரண்டரை மணிக்கு வெர்லா ட்வைட் என்ற பெண்மணி அழைத்தார்.

“தம்பி, எங்க வீட்டுக்காரரு ஓரின் தப்பான பெட்டிய வாங்கிட்டாரு. துப்பாக்கியோட அளவு இருநூத்தி இருபத்திமூணு, வந்த தோட்டா முந்நூறு. மாத்தித் தருவீங்களா?”

“எங்க பக்கத்துல பதினோராவது கேள்வியப் பாத்தீங்களா, மேடம்?”

“பாத்திருந்தா உங்கூட ஏன் பேசுறேன்? சரி, விடு. மேகசின்ல அழகா உக்காருதாம், உள்ளயும் போகுதாம். வாங்கினத வீணாக்க மாட்டாராம் மனுஷன். இருட்டறதுக்குள்ள மேய்ச்சல் காட்டுல ரெண்டு சுட்டுக் குறி சரிபாக்கப் போறாரு.”

இரண்டு தோட்டாக்களுக்கும் அடிப்பகுதி ஒன்றே.* முந்நூற்றின் குண்டு பருமன்; குறுகிய குழலுக்குள் அது போக வழியில்லை. வெடிப்பு பின்னோக்கி, சுடுபவரின் கன்னம் அழுந்தியிருக்கும் இடத்துக்கு வரும். எனக்கு இது தெரியும். நான் சொன்னது:

“துப்பாக்கி ரிப்பேர்காரரைக் கேளுங்க, மேடம்.”

“அவரு எம்பது மைல் தள்ளி இருக்காரு. ரொம்ப உதவி பண்ணிட்ட, தம்பி.”

வைத்துவிட்டார்.

* கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதை ஒன்றென்றே நம்புவது வாடிக்கையாளர்களின் அறியாமை என்று இங்கே ஒரு குறிப்பு எழுதத் தொடங்கினேன். நான் அறிந்தவன், அறிந்து

4

முடிவு அ: ஓரினின் பசு வேலியில் சிக்கிக்கொள்கிறது, அவர் சுடப் போகவில்லை. (வெட்கக்கேடு.)

முடிவு ஆ: சத்தம் கேட்டு வெர்லா ஓடியபோது ஓரினின் முகத்தில்

முடிவு இ: நான் உடனே திரும்ப அழைத்தேன். (பொய். மணி நாலேகால். இத்தனை நேரமும் எந்தத் தொடக்கம் நயமானது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். நீங்களும் உடன் அமர்ந்து ரசித்தீர்கள்.)

ஆறேகால் மணிக்கு இருட்டும். ட்வைட் வீட்டுத் தொலைபேசி எண் ஆர்டர் படிவத்தில் இருக்கிறது. அழுத்திவிட்டேன். மறுமுனையில் மணி அடிக்கிறது.

எடுத்தால் சொல்லப்போவது இதுதான்: “அதச் சுட விடாதீங்கம்மா. உள்ள போகும், ஆனா மூஞ்சியிலயே வெடிக்கும். போய்த் தடுங்க, நான் லைன்லயே இருக்கேன்.”

நான்காவது மணி. இனி ஒரு கையால் எழுதிக்கொண்டிருக்க முடியாது. முடிவு வேண்டுபவர்கள் மேலே உள்ளவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த அம்மாள் எடுத்தால் போதும்.