லாஸ்மினியின் நெற்றி

எங்கள் ஜாவாத் தீவில், சோலோ ஊர்க்காரர்கள் ஒரு படத்தைப் பார்த்து "நல்லாருக்கு" என்று சொன்னால் நம்பக் கூடாது. நான் சுரபாயாவில் பிறந்தவள். அங்கே மோசமென்றால் மோசமென்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து பாதி ஆயுள் போய்விட்டது. இன்னும் இவர்களுடைய "கொஞ்சம்" என் பொறுமையைச் சோதிக்கிறது. வெளிச்சம் கொஞ்சம் கூடிப்போச்சோ என்று ஒருவர் இழுத்தால், படத்தையே கிழித்துப் போடு என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் பிரிண்ட் கடையில் கூடுவோம். போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி, ஒட்டி, நிறம் மாற்றிப் புதிதாக எதையாவது செய்து பார்க்கிற நாலைந்து பேர். ஒருவர் தன் படத்தைச் சுவரில் மாட்டுவார். மற்றவர்கள் குறை நிறை சொல்லி முடிக்கும்வரை செய்தவர் வாய் திறக்கக் கூடாது. இது நான் போட்ட சட்டம். இல்லாவிட்டால் ஆளாளுக்குத் தன் படத்துக்கு வக்கீலாகிவிடுவார்கள்.

பிரசோஜோ அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். அன்று அவர் மாட்டிய படத்தைப் பார்த்ததும் எல்லோரும் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டோம். படத்தில் அவர் பாத்திக் பூப்போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பச்சை கெபாயா ரவிக்கையில் அவர் மனைவி லாஸ்மினி. லாஸ்மினி செத்துப் பல வருடம் ஆகிறது. மகள் வெனிங்குக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மணமேடையில் அம்மாவின் நாற்காலியில் சித்தி, லாஸ்மினியின் தங்கை, உட்காரப் போகிறாள். மண்டப வாசலிலாவது பெற்றவள் படமாக இருந்து விருந்தாளிகளை வரவேற்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. அதற்குத்தான் இந்தப் படம்.

"நல்லாருக்குண்ணே," என்றான் தர்மோனோ. விளம்பரப் பலகை செய்கிறவன். "ரொம்ப நல்லாருக்கு. நிழல் மட்டும் கொஞ்சம்..."

"கெபாயா கலர் அழகு," என்றாள் யெக்தி. கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கிறவள். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? "முகமும்... முகமும் நல்லாருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நெத்தி பொய்யா இருக்கு," என்றேன். "இது உங்க கல்யாணப் போட்டோவுல இருந்து எடுத்த முகம். மணப்பொண்ணு நெத்தியில கறுப்பா எழுதுவாங்களே பாயெஸ், அத அழிச்சிருக்கீங்க. அழிச்ச இடத்துல நெத்தியே இல்ல, மாவை அப்பின மாதிரி இருக்கு. எழுதுறதுக்கு முன்னாடி ஓர முடிய மழிச்சிருப்பாங்க, அந்தக் கோடும் அப்படியே நிக்குது. பாக்கிறவங்க, இது பொண்ணோட அம்மாவா, இன்னொரு கல்யாணப் பொண்ணான்னு கேப்பாங்க."

யெக்தி என் தொடையைக் கிள்ளினாள். அண்ணன் தலை குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முறை முடிந்த பிறகுதான் பேசினார்.

"நன்றிம்மா காசியாத்தி. நெத்திதான் எனக்கும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அதே படத்தைத் திருத்தித் திருத்திக் கொண்டுவந்தார். நெற்றியோர முடியை ஒவ்வொரு இழையாக வரைந்திருந்தார். காதோரம் நரை வையுங்கள் என்றேன், வைத்தார். கழுத்து இன்னும் இருபது வயசுக் கழுத்தாகவே இருக்கிறது என்றாள் யெக்தி. அவளுக்கும் துணிச்சல் வந்துவிட்டது. சிரித்தால் கண்ணோரம் சுருங்க வேண்டாமா என்றான் தர்மோனோ. கடைசியில் வந்த படத்தில் என் கண்ணுக்கே ஒரு குறையும் தட்டுப்படவில்லை. வாய்விட்டு அப்படியே சொன்னேன். அண்ணன் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. பெரிய அளவில் பிரிண்ட் போட்டு, பிரேம் போடுவதற்காகச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

ஒரு மத்தியானம் வெனிங் கல்யாணப் பத்திரிகைக் கட்டை வாங்கிப்போக வந்தாள். அவளுக்குப் படத்தை அதுவரை காட்டவில்லை என்பது எனக்குத் தெரியாது. பெருமையாகத் திருப்பிக் காட்டினேன்.

கைகளைக் கோத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றாள். "ரொம்ப அழகா இருக்கு அத்தை. அப்பா ரொம்பக் கஷ்டப்பட்டிருக்காங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

"இந்த ஊர்ப் பேச்செல்லாம் என்கிட்ட வேணாம். என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"வெனிங்."

அவள் என்னைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தாள். "எனக்கு இவங்களத் தெரியல அத்தை."

கையிலிருந்த பத்திரிகைக் கட்டை மேஜையில் வைத்தேன்.

"எனக்கு நாலு வயசு இருக்கும்போதே அம்மா படுத்துட்டாங்க. நான் பாத்த அம்மாவுக்குக் கன்னமே கிடையாது. தலையில துணி கட்டியிருப்பாங்க. இவங்க யாரோ அழகான அத்தை. வாசல்ல இவங்கள வெச்சா, என் கல்யாணத்துக்கு அம்மா வரலன்னுதான் எனக்கு இருக்கும்." உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. உடஞ்சு போயிடுவாங்க."

அவள் போன பிறகு கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. நெற்றி, கழுத்து, முடி என்று அத்தனையையும் நோண்டினோமே, இந்தப் படம் யார் பார்ப்பதற்கு என்று ஒருத்தராவது கேட்டோமா? வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் அந்தப் பெண் தன் கல்யாணத்தன்று யாரோ ஒருத்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாசலைக் கடப்பாள். சொன்னால் அந்த மனுஷனுக்கு என்ன ஆகும்? இருந்தாலும் போன் செய்தேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்தார்.

"அண்ணே, அந்தப் படம் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ கொஞ்சம்னு சொன்னா எனக்குப் பயமா இருக்கு. நேரா சொல்லும்மா."

"வெனிங்குக்கு இந்த முகம் தெரியல. அவளுக்குத் தெரிஞ்சது படுக்கையில கெடந்த அம்மாதான். நீங்க அந்த அம்மாவத் தொடச்சு எடுத்துட்டீங்க."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்த முகத்த என்னால பாக்க முடியல காசியாத்தி. அவ உசிரோட இருந்தப்பவே முடியல. மருந்து வாங்கணும், டாக்டரப் பாக்கணும்னு வெளியவே ஓடிட்டு இருந்தேன். உள்ள வெனிங்தான் இருந்தா." கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "அவகிட்ட அப்ப எடுத்த படம் ஏதாவது இருக்கான்னு கேக்கிறேன்," என்றார்.

மறுநாள் இரண்டு பேருமாக வந்தார்கள்.

"சொல்லாதீங்கன்னு சொன்னேனே அத்தை," என்றாள் வெனிங்.

"சொல்லிட்டேன். திட்டணும்னா திட்டிக்கோ."

அவள் திட்டவில்லை. பழைய போன் ஒன்றை நீட்டினாள். சின்னப் பிள்ளைக் கை எட்டிப் பிடித்து எடுத்த படம், ஒரு பக்கமாகச் சாய்ந்து, புள்ளி புள்ளியாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில். பூப்போட்ட துணி சுற்றிய தலை. அந்த ஒட்டிய கன்னத்தோடு தன் கன்னத்தை அழுத்திக்கொண்டு குட்டி வெனிங். அம்மாவின் கையில் மருந்து ஏறுகிற டியூப்.

பெரிய திரையில் போட்டேன். அண்ணன் முதலில் ஓரங்களில்தான் வேலை செய்தார். புள்ளிகளைக் குறைத்தார். ஜன்னல் வெளிச்சத்தை அடக்கினார். சுவரின் மஞ்சளை எடுத்தார். முகத்தின் பக்கம் போகவில்லை. பிறகு மவுசை டியூபுக்குக் கொண்டுபோனார்.

வெனிங் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "அது இருக்கட்டும்பா. அதப் புடிச்சுக்கிட்டுதான் நான் தூங்குவேன். அது அசஞ்சா, அம்மா முழிச்சிருக்காங்கன்னு தெரியும்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு படத்தைப் பெரிதாக்கினார். லாஸ்மினியின் முகம் மட்டும் திரை முழுக்க வந்து நின்றது. குழி விழுந்த கண், வெடித்த உதடு. எதையும் திருத்தவில்லை அவர், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சிரிக்கிறாளே," என்றார்.

"எப்பவும் சிரிப்பாங்கப்பா."

"எனக்குத் தெரியாதேம்மா."

"நீங்க உள்ள வரவே இல்லையேப்பா," என்றாள் வெனிங். கோபமே இல்லாமல் சொன்னாள்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார்.

"இன்னும் இருக்கா?" என்றார். "எல்லாத்தையும் போடும்மா. பாக்கிறேன்."