ஐயாயிரம் லிட்டர்

வெளிநாட்டுப் பணம் வந்துகொண்டிருந்த காலத்தில் பாஸ்டர் பராசாவின் சபையில், ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று எல்லாம் தாராளமாக நடந்தது. பணம் நின்றதும் பிரசங்கம் மட்டும் மிஞ்சியது. நைரோபியின் அந்தத் தகரக் குடிசைகளுக்குள் காணிக்கைத் தட்டு சுற்றி வந்தால் இரண்டு முட்டையும் ஒரு பிடி சோளமாவும் விழும். அதை வைத்து வாத்தியாருக்கு என்ன கொடுப்பது, சபைப் பள்ளியின் நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சி எப்படிக் காய்ச்சுவது? பராசா தன் மோட்டார் சைக்கிளை விற்றார். மனைவி நெகேசாவின் தையல் மெஷினையும் விற்றார். சபை வாசலில் ஐயாயிரம் லிட்டர் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை நிறுத்தி, முறையாகக் குழாய் இழுத்து, கேன் ஐந்து ஷில்லிங் என்று தண்ணீர் விற்க ஆரம்பித்தார். ஊழியம் மறுபடி மூச்சு விட்டது.

அதே கேனை இருபது ஷில்லிங்குக்கு விற்றுக்கொண்டிருந்த ஒடெக்கின் கும்பலுக்கு மூச்சு முட்டியது.

சனிக்கிழமை உச்சி வெயிலில் மூன்று பேர் வந்தார்கள். ஒடெக் கையில் உருட்டுக்கட்டை. இன்னொருவனிடம் வீச்சரிவாள். மூன்றாவது ஆள் கியோக்கோ. இரண்டு சந்து தள்ளி இருப்பவன், இருபது வயது, கோடாரியைத் தோளில் போட்டிருந்தான்.

"என்ன பாஸ்டரே, வியாபாரம் அமோகமாப் போகுது போல. நம்ம பங்கு எங்க?"

"இது கர்த்தருடைய காசு, ஒடெக். எடுத்துக் குடுக்க எனக்கு உரிமை இல்ல."

"கர்த்தருக்கு எதுக்குய்யா காசு? அவரு என்ன வாடகை வீட்லயா இருக்காரு?"

தண்ணீருக்கு வரிசையில் நின்ற பெண்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கட்டை பராசாவின் வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் கழன்று மண்ணில் கிடந்தன. கஞ்சிக் கரண்டியோடு ஓடிவந்த நெகேசாவை வீச்சரிவாளின் பின்பக்கத்தால் தோளில் போட்டான் மற்றவன். அவள் சுருண்டு விழுந்தாள்.

"கியோக்கோ, போடுடா தொட்டிய."

கோடாரி இறங்கியது. முதல் வெட்டு வழுக்கியது. இரண்டாவது உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. அதன் இரண்டு பக்கமும் தண்ணீர் பீறிட்டது. அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் பராசாவுக்கு மதி கெட்டது.

"திருடன்! திருடன்!" என்று கத்தினார்.

அந்த ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டு யாரும் எதைத் திருடினான், யாரிடம் திருடினான் என்று விசாரிப்பதில்லை. போலீசுக்கு முன்னால் டயரும் தீப்பெட்டியும் வந்து சேரும். பராசாவுக்குத் தெரியாததா? இந்தச் சொல்லை வாயில் எடுக்காதீர்கள் என்று மூன்று ஞாயிறு தொடர்ந்து பிரசங்கம் பண்ணியவரே அவர்தான்.

சந்துக்குச் சந்து தகரக் கதவுகள் திறந்தன. ஒடெக்கும் மற்றவனும் சாக்கடையைத் தாண்டி ஓடிவிட்டார்கள். கியோக்கோ கோடாரியை விட மனமில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தான். அது பிடுங்கிக்கொண்டு வந்த நொடியில் தச்சனின் சுத்தியல் அவன் முழங்காலை உடைத்தது. அப்புறம் கல், செங்கல், இரும்புக் கம்பி. சற்று முன்பு சிரித்த பெண்கள் காலி கேனால் அடித்தார்கள். சபைப் பாடகர் குழுவின் தலைவி இரண்டு கையாலும் கல்லைத் தூக்கிப் போட்டாள்.

"பாஸ்டர், நான் எதையும் திருடல. நீங்க சொல்லுங்க பாஸ்டர்," என்று ரத்தத்துக்குள்ளிருந்து கேட்டான் கியோக்கோ.

உண்மைதான். அவன் எதையும் திருடவில்லை. பராசா ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் அவருடைய இரண்டு உள்ளங்கையும் தொட்டியின் ஓட்டையில் இருந்தன.

நெகேசா எழுந்து வந்தாள். "என்னங்க, கைய எடுங்க. போய்த் தடுங்க. செத்துருவான்."

"தண்ணி பூராப் போயிரும் நெகேசா. சோப்பு கொண்டா, அடைக்கணும்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்தாள். யாரோ அவளைப் பிடித்து வெளியே எறிந்தார்கள். வாய் உடைந்திருக்கிறது, பேச்சு வராது என்று பராசா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொய். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதே வாய்தான் ஊர் முழுக்கக் கேட்கக் கத்தியது.

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் ஒருவன் பெட்ரோல் கொடுத்தான். டயர் கழுத்தில் ஏறியது. தீ பற்றியபின் கியோக்கோ கத்தியது கொஞ்ச நேரம்தான். பத்தடி தூரத்தில் அவ்வளவு தண்ணீர் நின்றது. ஒருவரும் ஒரு கேன் பிடித்து ஊற்றவில்லை. பராசா அசையாமல் ஓட்டையைப் பொத்திக்கொண்டு நின்றார்.

போலீஸ் வண்டி வந்து மிச்சத்தை அள்ளிக்கொண்டு போனது. பராசா துணி சோப்பைப் பிசைந்து ஓட்டையில் அப்பினார். தொட்டியில் முக்கால்வாசி தண்ணீர் தப்பியிருந்தது. நாலு மணிக்கெல்லாம் பழையபடி வரிசை நின்றது. ஒடெக் இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வரிசையில் கடைசியாக கியோக்கோவின் அம்மா நின்றாள், மஞ்சள் கேனோடு. யாரும் அவளை முன்னால் விடவில்லை, அவளும் கேட்கவில்லை. முறை வந்ததும் கேனைக் குழாயடியில் வைத்தாள்.

"அந்த எடத்தக் கழுவணும் பாஸ்டர். எம்புள்ள இன்னும் தரையில ஒட்டிக்கிட்டுக் கிடக்கான்."

பராசா குழாயைத் திறந்தார். "காசு வேணாம்மா. எத்தன கேன் வேணும்னாலும் எடுத்துக்க."

"இல்ல, வாங்கிக்கங்க," என்று அவள் ஐந்து ஷில்லிங்கை நீட்டினாள். "புள்ளைங்களுக்குக் கஞ்சி காய்ச்சணும்ல."

கேன் நிரம்பி வழிகிறவரை அவள் கையை மடக்கவில்லை. பராசா வாங்கிக்கொண்டார்.