பை போட்ட சீட்டு

"தாய்மார்களே, நகைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். திருடர்கள் உங்கள் அருகிலேயே நிற்கலாம்."

காந்திபுரம் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி சொன்னதும் பக்கத்தில் பார்த்தேன். ஒரு மீசைக்காரர் நின்றிருந்தார். சந்தேகமே இல்லை, இவன்தான். மீசை அப்படி.

என் கழுத்தில் கிடந்த ஐந்து பவுன் சங்கிலி என் நாத்தனார் கிருபாவதியுடையது. தம்பி கல்யாணத்துக்கு இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத்தான் பீளமேட்டுக்குக் கிளம்பியிருந்தேன். தொலைந்தால் ஒரு வார்த்தை திட்ட மாட்டார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு பெருமூச்சு விடுவார். அதற்குத் திட்டே தேவலை.

சுவர்ப்பக்கம் திரும்பி, சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து, துணிப்பையில் புளிசாத டப்பாவுக்கு அடியில் செருகினேன். எந்தத் திருடன் புளிசாதத்தைக் கிளறப் போகிறான்? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

பஸ் வந்தது. இருபது வருஷப் பழக்கம், கை என்னைக் கேட்கவே இல்லை. சன்னல் வழியாகப் பையை வீசிச் சீட்டுப் பிடித்துவிட்டேன்! வாசலுக்கு ஓடினால் படியில் கால் வைக்க இடமில்லை. விசில் அடித்தது. பை பீளமேட்டுக்குக் கிளம்பிவிட்டது, நான் காந்திபுரத்திலேயே நின்றேன்.

புறக்காவல் நிலையத்தில் பெண் போலீஸ் பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங்க, பையை உள்ள போட்டது யாருங்க?"

"நாந்தானுங்க."

"யாராச்சும் எடுத்தாங்களா?"

"இன்னும் தெரியலீங்க."

பேனாவை மூடிவிட்டார். "அப்ப ஆட்டோ புடிங்க அம்மணி. திருடன் எடுக்கறதுக்குள்ள நீங்க எடுத்துப்போடுங்க."

"பையில என்னங்க?" என்றார் ஆட்டோக்காரர் காளிச்சாமி. சங்கிலி என்று சொல்லப் பயம். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

"புளிசாதமுங்க."

"புளிசாதத்துக்கா இத்தனை பதட்டம்!" என்று சிரித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை முறுக்கினார். லட்சுமி மில் நிறுத்தத்தில் பஸ்ஸைப் பிடித்துவிட்டோம்.

முண்டியடித்து உள்ளே ஏறினேன். மூச்சுவிட இடமில்லை. ஆனால் அந்தச் சன்னலோரச் சீட்டில் மட்டும் என் பை தனியாக, சொகுசாக உட்கார்ந்திருந்தது. உட்காரப்போன ஒருவரை அதே மீசைக்காரர் தடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆளு வருதுங்க. அந்தம்மா பை போட்டத நான் பாத்தனுங்க. பின்வாசல்ல ஏறியிருப்பாங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மீசையிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டபடி உட்கார்ந்து, டப்பாவுக்கு அடியில் விரலை விட்டேன். முடிச்சு அப்படியே இருந்தது.

பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். காந்திபுரத்திலிருந்தே நிற்கிறாளாம்.

"பை போட்டவங்க வந்துருவாங்கன்னு உக்காரலீங்க," என்றாள்.

வெட்கமாகிவிட்டது. "நீ உக்காரு கண்ணு," என்று பையோடு எழுந்தேன்.

உட்கார்ந்ததும் அவள் கையை நீட்டினாள். "நின்னுட்டு வரீங்களே, பையைக் குடுங்க. மடியில வெச்சுக்கறேன்."

ஒலிபெருக்கி ஒருமுறை காதுக்குள் பேசியது. பையை இறுக்கிப் பிடித்தேன். அவள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கொடுத்துவிட்டேன்.

குழந்தை அதன்மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டது.