கமக்கட்டு எரிச்சல்

இந்தக் காலத்துச் சனத்துக்கு வேர்வை நாறினாலும் குற்றம், அதை மறைக்கிற சாமானும் குற்றம். கமக்கட்டு இரண்டும் சிவந்து எரிய, கைகளை அகட்டிக்கொண்டு பள்ளிமுனை வீட்டு முற்றத்தில் நின்று கத்தினார் சந்தியோகு. பின்னேரம் திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் ஊர்வலமாய் வரும் மாதா சுருவச் சிலைக்குத் தோள் கொடுக்க வேண்டும்.

"என்ர ஸ்பிறேயை எறிஞ்சுபோட்டு என்னத்தைப் பிள்ளை பூசத் தந்தனீ?"

"தேங்காயெண்ணெயும் அப்பச்சோடாவும்தான் மாமா. எல்லாம் இயற்கை," என்றாள் மருமகள் நிரோஜினி.

"கடலில தொட்டாலே எரிக்கிற கடற்சொறியும் இயற்கைதான். எடுத்துப் பூசிப் பாரன்!"

அவள் போனைப் பார்த்தாள். "சோடா சில பேருக்குத் தோலை எரிக்குமாம். முதல்ல கையில கொஞ்சம் பூசிப் பாக்கவேணுமாம்."

"எரிஞ்சாப் பிறகே வாசிக்கிறது?"

"சோடா இல்லாமல் செய்து தாறன், மாமா."

"ஒண்டும் வேண்டாம். வேர்வையோடையே தூக்கிறன். மாதா மூக்கைப் பொத்தமாட்டா."

கைகளை அகட்டியபடியே கோயிலை நோக்கி நடந்தார்.