சொரசொரப்பான பக்கம்

பல் டாக்டருக்கு முப்பத்தைந்து வருஷம் ஊரார் வாயைப் பார்த்தே பழக்கம். ஓய்வு பெற்றபின் பார்க்க வாய் கிடைக்காமல், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கிடந்த தன் பழைய ஃபைபர் படகையே சுற்றிச் சுற்றி வந்தார். இருபத்திரண்டு அடிப் படகு. செய்து நாற்பது வருஷம் ஆகிறது. செய்த பட்டறையே இப்போது இல்லை. பழைய படகுகளுக்கென்று இருந்த கழகம் ஒன்று அதைத் தன் காட்சிக்கூடத்தில் வைக்க ஆசைப்பட்டது. ஒரே நிபந்தனை, படகு பட்டறையிலிருந்து வந்தபடி அசலாக இருக்க வேண்டும். எது அசல், எது பிற்பாடு மாற்றியது என்று பார்த்துச் சொல்ல ஒரு சர்வேயரின் கையெழுத்து தேவைப்பட்டது. அதற்காகத்தான் அன்று காலை சுத்தியலக்கா வந்திருந்தாள்.

பெயர்க் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கையில் எப்போதும் ஒரு குட்டிச் சுத்தியல் இருக்கும். அதை வைத்துப் படகின் உடம்பை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவாள். நல்ல இடம் 'டக்' என்னும், உள்ளே பிரிந்த இடம் 'பொத்' என்னும். இருபது வருஷத்துக்கு மேலாக இதுதான் தொழில். பொய்யாக ஒரு சான்றிதழ் கொடுத்ததில்லை. அதற்காக அவளைத் திட்டாத படகுக்காரர் கிடையாது. திட்டி முடித்துவிட்டு அடுத்த படகுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"வலிக்காம பாருங்க மேடம்" என்றார் டாக்டர்.

"இந்த ஜோக்கை எத்தனை பேருகிட்ட சொல்லியிருப்பீங்க டாக்டர்?"

"முப்பத்தஞ்சு வருஷமா சொல்றேன். ஒருத்தரும் சிரிச்சதில்ல. வாய்ல பஞ்சு வச்சிருப்பேனே, எப்படிச் சிரிப்பாங்க?"

அவள் சிரித்துவிட்டு வேலையில் இறங்கினாள். பின்பலகையில் பொறித்திருந்த எண் பட்டறை வரைபடத்தோடு ஒத்துப்போனது. என்ஜின் மாற்றியபோது பழைய துளைகள் இரண்டை அடைத்திருந்தார்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் அவை அம்மைத் தழும்பாகத் தெரிந்தன. ஜன்னல் ரப்பர் புதிது. ஓட்டுகிற சக்கரம் வேறு ஏதோ படகிலிருந்து வந்தது. ஒவ்வொன்றையும் அவள் குறித்துக்கொள்ளும்போது டாக்டரின் முகம் சுருங்கியது.

"அடைச்ச பல்லும் சொந்தப் பல்லுதானே மேடம்?"

"அடைச்ச பல்லுன்னு எழுதிடறேன். பயப்படாதீங்க, இதெல்லாம் சில்லறை விஷயம்."

இதெல்லாம் டாக்டருக்கான தேடல். ஒவ்வொரு படகிலும் அவள் இன்னொன்றையும் தேடுவாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவாள். அது தம்பியின் கைவேலை.

அவளுக்கு ஒரே தம்பி. ஃபைபர் ஒட்டுவதில் எமகாதகன். உடைந்த படகை அவனிடம் கொடுத்தால் உடைந்த இடம் எது என்று உடைத்தவனே தேடுவான். ஆனால் அக்காவிடம் மட்டும் அவன் பாச்சா பலிக்கவில்லை. எத்தனை நேர்த்தியாக மறைத்தாலும் அவள் கண்டுபிடித்து "பிற்பாடு ஒட்டியது" என்று எழுதிவிடுவாள். எப்படி என்று அவன் மண்டையை உடைத்துக்கொள்வான். அவள் சொன்னதேயில்லை. விஷயம் இவ்வளவுதான்: ரெசின் என்கிற பசையில் நனைத்த ஈரப் பட்டையை ஒட்டி முடித்ததும், இடது கையால் அதன் கடைசியில் செல்லமாக ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பான். பத்தொன்பது வயதில் கிரைண்டர் அவன் இடது மோதிர விரலில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. அதனால் அந்தத் தடத்தில், கட்டைவிரலை விட்டுவிட்டுப் பார்த்தால், மூன்றரை விரல் இருக்கும். எந்த இண்டு இடுக்கானாலும் கைக்கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டு அந்த மூன்றரையைப் பார்த்துவிட்டால் போதும்.

ஆறு வருஷத்துக்கு முன் அவள் எழுதிய ஓர் அறிக்கையால் அவனுக்குப் பட்டறை வேலை போயிற்று. வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டைத் தொடவில்லை. "உன் கண்ணுல படாத வேலை ஒண்ணு செய்யப் போறேன்க்கா. அதை நீ கண்டுபிடிச்சா அன்னைக்கு இந்த வாசல்ல காலை வைக்கிறேன். அது வரைக்கும் நான் உங்களுக்கு இல்ல" என்றான். எழுந்து போனவன்தான். கடிதம் இல்லை, போன் இல்லை. போலீஸில் தேடிப் பார்த்துக் கைவிரித்துவிட்டார்கள். அம்மா அழுது முடித்தபின் ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டாள். மாலையில் மகள் வந்து செருப்பைக் கழற்றும்போது, "இன்னைக்கு எந்தப் படகு?" என்று கேட்பாள். கிடைத்ததா என்று அதற்கு அர்த்தம். ஆறு வருஷமாக அவள் படகின் அளவையும் நிறத்தையும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விடுகிறாள். தன் கையெழுத்தே தம்பியைத் துரத்தியது என்ற குற்ற உணர்ச்சி அவளைத் தின்றுகொண்டிருந்தது.

கடைசியாகப் படகின் அறைக்குள் குனிந்து நுழைந்து மூக்குப் பக்கம் போனாள். அங்கே ஒரு தடுப்புச் சுவர். வரைபடப்படி அந்தச் சுவரில், நங்கூரக் கயிறு போட்டுவைக்க, முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னக் கதவு இருக்க வேண்டும். இங்கே கதவு இல்லை. அடைத்த தடமும் இல்லை. டார்ச்சைச் சாய்த்தாள், நகத்தால் வருடினாள், பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டிக்கூடப் பார்த்தாள். ஒரே வழுவழுப்பு.

சுத்தியலால் மூன்று தட்டு தட்டினாள். டக்கும் இல்லை, பொத்தும் இல்லை. உள்ளே ஆள் இருக்கும் அறையின் கதவைத் தட்டினால் ஒரு சத்தம் வருமே, அது வந்தது. அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"டாக்டர், இந்தக் கதவை யாரு அடைச்சது?"

டாக்டர் தலையை உள்ளே நீட்டினார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இங்க கதவு இருந்துச்சே! என் பொண்ணோட பந்தைக்கூட உள்ள போட்டு வச்சிருந்தேன்."

"எப்ப?"

"வாங்கினப்ப. பத்து வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் படகு இந்தக் கொட்டகையை விட்டு வெளிய போனதில்ல. சாவி என்கிட்டயேதான் இருக்கு. ஒரு காக்கா உள்ள வந்ததில்ல மேடம்."

ஃபைபரில் ஒரு விஷயம் மட்டும் மாறாது. அச்சின்மேல் படிந்த பக்கம் வழுவழுப்பாக இருக்கும். ஆள் இருந்து ஒட்டிய பக்கம் சொரசொரப்பாக இருக்கும். சொரசொரப்பு எந்தப் பக்கமோ, ஒட்டியவன் அந்தப் பக்கம் இருந்தான் என்று அர்த்தம். இந்தச் சுவரின் இந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்படியானால் கதவை அடைத்தவன் அந்தப் பக்கம் இருந்திருக்கிறான். அந்தப் பக்கம் என்பது நாலடி நீளமுள்ள மூக்கு. மேலே திறக்கிற மூடி கிடையாது, வேறு வழியும் கிடையாது. அவள் இதை இரண்டு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இரண்டு முறையும் ஒட்டியவன் வெளியே வர வழி கிடைக்கவில்லை.

"ஒரு துளை போடணும் டாக்டர்."

"நானே போடறேன்" என்று டாக்டர் டிரில்லை வாங்கிக்கொண்டார். பழகிய கை. துளை மறுபுறம் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை அடித்தது. "என் பழைய க்ளினிக் வாடை மாதிரி இருக்கே. பல்லு செட்டு செய்யறப்ப இப்படித்தான் வரும்" என்றார்.

அவளுக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும். ரெசின். அதுவும் இன்றைக்கோ நேற்றோ கலக்கிய ரெசின். பழைய படகில் அதற்கு வேலையே இல்லை.

ஒயர் கேமராவைத் துளைக்குள் விட்டாள். கைப்பேசித் திரையில் உட்புறம் தெரிந்தது. ஒரு சிவப்பு ரப்பர் பந்து. அதன் பக்கத்தில் ரெசின் உருட்டுகிற ரோலர். சுவரின் அந்தப் பக்கம் முழுக்கச் சொரசொரப்பு. கதவு இருந்த இடத்தில் வரிசையாகப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையின் கடைசியிலும் ஒரு கைத்தடம். மூன்றரை விரல்.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்தியேவிட்டாள். கண் நிறைந்து திரை மங்கியது. டாக்டர் என்னவோ ஏதோவென்று பதறினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆள் இல்லை. எலும்பு இல்லை, துணி இல்லை. அந்த மட்டுக்கும் போன உயிர் வந்தது. பட்டைகளை மேலிருந்து ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றரை, மூன்றரை, மூன்றரை. அடுத்ததில் அந்தப் பாதி விரல் கொஞ்சம் நீளமாக இருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். கதவை முழுதாக மூடிய கடைசிப் பட்டையில் நாலு விரலும் முழுசாகப் பதிந்திருந்தன.

கேமராவை வெளியே இழுத்தாள். அதன் நுனி பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. அதே சமயம் போன் அடித்தது. அம்மா.

"எங்க இருக்க? சீக்கிரம் வா. வந்துட்டான்."

"யாரும்மா?"

"யாருன்னா கேக்கற? உன் தம்பிதான்டி! இப்பத்தான் வாசல்ல வந்து நின்னான். அக்கா கண்டுபிடிச்சிட்டாளாம்மான்னு சிரிக்கிறான்."

அறிக்கையில் என்ன எழுதப் போகிறாள் என்று டாக்டர் கேட்டார். நாளைக்குச் சொல்வதாகவும், அந்தத் துளையை உடனே அடைத்துவிடும்படியும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். டாக்டர் சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்தார். ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை போலிருக்கிறது.

வீடு வந்து சேர்ந்தபோது மத்தியான வெயில் கூடத்தில் பாதி தூரம் வந்திருந்தது. அவன் மேசையருகே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அதே நெற்றி, அதே காது, அதே கோணல் பல். அவனேதான். ஆறு வருஷத்து ஏக்கத்தோடு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் நினைத்தாள். பாதியில் நின்றுவிட்டாள். தம்ளரைப் பிடித்திருந்தது இடது கை, அதில் மோதிர விரல் முழுசாக இருந்தது.

"டேய், உன் விரல்..."

"பார்த்துட்டியா?" அவன் தம்ளரை வைத்துவிட்டுக் கையை நீட்டினான். "இதுதானே என்னைக் காட்டிக்கொடுத்துச்சு? எனக்கு இப்பத்தான்க்கா தெரிஞ்சுது. சரி பண்ணிட்டேன். எங்க, ஒட்டு எங்கன்னு சொல்லு பார்ப்போம்."

தொழில் புத்தி யாரை விட்டது? அவள் பையிலிருந்த டார்ச்சை எடுத்துச் சாய்த்துப் பிடித்தாள். நகத்தால் மெல்ல வருடினாள். வெட்டுப்பட்ட இடம் எதுவென்று அவளுக்கு மனப்பாடம். தையல் பிரித்த நாளிலிருந்து மருந்து போட்டவளே அவள்தான். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தோல் இருந்தது, ரேகை இருந்தது, மெல்லிய முடிகூட இருந்தது. இளஞ்சூடாக இருந்தது.

"தெரியல" என்றாள்.

"தெரியாது" என்று சொல்லி அவன் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டான். அவள் கை தானாகவே அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தது. மூன்று தட்டு. காலையில் அந்தச் சுவரிலிருந்து வந்த அதே சத்தம் வந்தது. அவள் கண்ணில் படாத வேலை என்று அவன் சொன்னது எந்தப் படகையும் அல்ல, இந்த உடம்பையே என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. படகில் இருந்தது வெறும் ஒத்திகை.

அடுப்பங்கரை வாசலில் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஆறு வருஷமாகப் பார்க்காத முகம் அது, விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது. ஆனாலும் தாய்க்கு எங்கோ ஏதோ இடித்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நீ பார்த்துச் சொல்லிட்டா எனக்குப் போதும். நம்ம புள்ளதானே?"

அவன் தோளுக்கு மேலே அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தோலில் எந்தப் பக்கம் சொரசொரப்பாக இருக்கும், அதை ஒட்டியவன் எந்தப் பக்கம் இருந்தான் என்று ஓடிய எண்ணத்தை அங்கேயே நிறுத்தினாள்.

"அசல்தாம்மா" என்றாள். அவள் வாழ்க்கையில் கொடுத்த முதல் பொய்ச் சான்றிதழ் அதுதான்.

அம்மா சாப்பாடு எடுத்துவைக்க ஓடினாள். காதருகே அவன் மெல்லச் சிரித்தான். சின்ன வயதிலிருந்து, அவளை ஜெயித்துவிட்டால் மட்டும் சிரிக்கிற சிரிப்பு.