கொடைரோட்டில் இரண்டாவது பலகை

கொடைரோடு பஸ் நிறுத்தத்தில் இருபதடி நீளத்துக்கு நின்றது அந்த பிளெக்ஸ். "இயற்பியலில் புதிய விசையைக் கண்டறிந்த எங்கள் குலமகள் சத்யபிரியாவுக்கு வாழ்த்துகள். இவண், சடையாண்டி குடும்பத்தார்."

வெளிநாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து மகள் போனில், "புதுசா ஒண்ணு இருக்குமோன்னு தோணுதுப்பா" என்று சொன்ன மறுநாளே சடையாண்டி கட்டியது. 'இருக்குமோ' என்பதை அவர் பிளெக்ஸில் போடவில்லை. யாரும் போடுவதில்லை.

விடுப்பில் வந்த சத்யபிரியா பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தவள் பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"அதைக் கழட்டுங்கப்பா. நாங்க எண்ணுனது தப்பு."

நாற்காலியில் சாய்ந்தறியாத சடையாண்டியின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. "விளங்குற மாதிரி சொல்லு, ஆத்தா."

ஒரு கனமான துகள் சிதையும்போது, பல லட்சத்தில் ஒரு தடவை எலக்ட்ரான் ஜோடியோ மியூவான் ஜோடியோ பிறக்கும். இரண்டும் சம அளவில் வரவேண்டும். அவள் குழு எண்ணியதில் மியூவான் குறைந்தது. அறியாத ஏதோ ஒன்று நடுவில் கைவைக்கிறது என்று நம்பினார்கள்.

"எலக்ட்ரான்னு எண்ணுனதுல வேற துகளும் கெடந்துச்சு. அதைக் கழிச்சா ரெண்டும் சமம். புதுசா ஒண்ணுமில்ல."

"மல்லிக் கூடையில மட்டமான காக்கரட்டான் பூ கலந்த மாதிரியா?"

"அதேதான்ப்பா."

நாற்பது வருடமாக நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் பூ விற்கும் அவர் கூடையைக் கலப்படம் இருக்குமோ என்று யாரும் கிளறிப் பார்த்ததில்லை. முகம் இறுகியது.

"கலந்திருக்குன்னு எவன் கண்டுபிடிச்சான்?"

"நாங்களேதான்."

பிளெக்ஸ் அடித்துக் கொடுத்த தங்கை மகன் மதியழகன் குறுக்கே வந்தான். "விடுங்க மாமா. இருட்டுனதும் கழட்டிருறேன். காத்துல பிஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம்."

"ஏலே, ஒளிஞ்சு எறக்குனா அது திருட்டு. எட்டு மணி பஸ்ஸுக்குச் சனம் நிக்கையில எறக்கு."

மறுநாள் காலை ஏணியடியில் வெள்ளை வேட்டியோடு, மகளையும் கூட்டிக்கொண்டு நின்றார் சடையாண்டி. டீக்கடை ராமர் விடவில்லை. "என்னண்ணே, கண்டுபிடிச்சது காணாமப் போச்சா?"

"அது தப்புடா. புதுசு ஏறுது, படிச்சுக்க."

அதே இருபதடி. "முந்தைய பலகையில் போட்டது தவறு. அத்தவறைக் கண்டறிந்தவரும் எங்கள் சத்யபிரியாவே."

"ஐயோ அப்பா, இதுக்குமா பிளெக்ஸ்!"

"சின்னதாப் போட்டா மறைச்ச மாதிரி ஆகும்."

"நான் மட்டும் இல்லப்பா. நானும் இன்னும் மூணு பேரும் சேந்து கண்டுபிடிச்சது."

சடையாண்டி ஒரு கணம் பலகையைப் பார்த்தார். பிறகு ஏணியைத் தட்டினார்.

"மதி, எறக்குடா. மூணு பேரு விட்டுப்போச்சு."